கடையில் புரண்டு அழும் பிள்ளையும் கைவசம் இருக்கும் ஆறு வழிகளும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சூப்பர் மார்க்கெட். பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர், பின்னால் மூன்று பேர். என் நான்கு வயது மகன் தரையில் மல்லாந்து கிடக்கிறான். அவன் எடுத்த கிண்டர் ஜாயை நான் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன், அதுதான் காரணம். அவன் போடுகிற சத்தத்தில் பில் போடும் பெண் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறார். எனக்குப் பின்னால் நிற்கும் ஒரு அம்மா, "ஏம்மா, புள்ள இப்படி அழுகுது, வாங்கிக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே" என்கிறார். அவருக்கும் பின்னால் நிற்பவர் வாய் திறக்கவில்லை. ஆனால் "ரெண்டு போட்டா அடங்கிடுவான்" என்பது அவர் முகத்திலேயே தெரிகிறது.

அந்த நேரத்தில் நமக்குக் கைவசம் இருப்பவை ஆறு வழிகள்தான். வாங்கிக் கொடுக்கலாம். மிரட்டலாம். ஒரு அடி வைக்கலாம், இல்லை கிள்ளலாம். கண்டுகொள்ளாமல் நிற்கலாம். தூக்கிக்கொண்டு வெளியே போகலாம். ஆறாவது வழி வீட்டை விட்டுக் கிளம்பும்போதே செய்திருக்க வேண்டியது. வரிசையில் நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வந்து பிரயோஜனம் இல்லை. ஆறையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பத்தே நிமிடத்துக்குள் நான்கைச் செய்தேன்: முதலில் கண்டுகொள்ளவில்லை, அப்புறம் மிரட்டினேன், அப்புறம் கிள்ளினேன், கடைசியில் வாங்கியும் கொடுத்தேன். அவன் அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டிருப்பான் என்று யோசித்ததிலிருந்துதான் இந்தக் கணக்கு தொடங்கியது.

பி.எட். படித்தபோது 'வலுவூட்டல்' என்ற சொல்லைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், கூண்டுக்குள் இருக்கும் எலி நெம்புகோலை அழுத்தினால் உணவு விழும்படி வைத்து ஆராய்ந்தார் என்று பாடம். பாடத்தில் எனக்கு அன்று உறைக்காத ஒன்று, பிள்ளை பெற்ற பிறகு உறைத்தது. ஒரு செயலுக்குப் பின்னால் என்ன வருகிறதோ, அதனால் அந்தச் செயல் அடுத்த முறை கூடினால் அது வலுவூட்டல்; குறைந்தால் தண்டனை. அவ்வளவுதான் இலக்கணம். நாம் என்ன நினைத்துச் செய்தோம் என்பதற்கு அதில் இடமே இல்லை. நான் திட்டுவதாக நினைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறேன். நாள் முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா இப்போதுதான் தன்னைப் பார்க்கிறாள் என்று அவனுக்குப் படலாம். அப்படிப் பட்டால் அந்தத் திட்டு அவனுக்குப் பரிசு.

இன்னொரு சொல், 'எதிர்மறை வலுவூட்டல்'. இதைத் தண்டனை என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் வகுப்பில் பாதிப் பேர். உண்மையில் அது, ஒரு தொல்லை நீங்குவதால் ஒரு பழக்கம் பலப்படுவது. மாத்திரை போட்டதும் தலைவலி போகிறது, அடுத்த முறை கை தானாக மாத்திரைக்குப் போகிறது. பில் வரிசையில் சாக்லேட்டை வாங்கிக் கொடுத்ததும் அழுகை நிற்கிறது. அங்கே பரிசு வாங்கியது அவன் மட்டும் இல்லை, நானும்தான். அழுதால் கிடைக்கும் என்று அவன் படிக்கிறான், கொடுத்தால் நிற்கும் என்று நான் படிக்கிறேன். அமெரிக்காவின் ஓரிகனில் குடும்பங்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் இந்தச் சுழலைத்தான் விரிவாக எழுதினார். பிள்ளை குரலை உயர்த்தும், தாய் உயர்த்துவாள், பிள்ளை இன்னும் உயர்த்தும், யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்கும் வரை. விட்டுக்கொடுக்க வைத்தவருக்கு அடுத்த முறை எந்த அளவுக்குக் கத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் இந்த ஆட்டத்தில் இரண்டு பேர். பொது இடத்தில் மூன்றாவதாக ஒரு தரப்பு சேர்ந்துவிடுகிறது: நாலு பேர். அவர்கள் திரும்பிப் பார்ப்பது எனக்குத் தண்டனை, பார்வையை விலக்கிக்கொள்வது எனக்குப் பரிசு. பிள்ளைக்கு எது நல்லது என்ற யோசனை ஓடவே ஓடாது. எது சீக்கிரம் சத்தத்தை நிறுத்தும் என்பதை நோக்கித்தான் கை போகும். ஆகவே ஆறு வழிகளையும் ஒப்பிடும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இதை நான் இவனுக்காகச் செய்கிறேனா, எனக்குப் பின்னால் நிற்கும் மூன்று பேருக்காகச் செய்கிறேனா?

வாங்கிக் கொடுத்துவிடுவது

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், வாங்கிக் கொடுப்பது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. பிள்ளை ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுக்காமல் நாம் எதற்குச் சம்பாதிக்கிறோம்? சிக்கல் வாங்கிக் கொடுப்பதில் இல்லை, எப்போது வாங்கிக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஐந்து முறை மறுத்துவிட்டு ஆறாவது முறை, அதுவும் அவன் புரண்டு அழுத பிறகு கொடுப்பது எல்லாவற்றிலும் மோசமான ஏற்பாடு.

ஸ்கின்னரும் அவருடைய சக ஆய்வாளர் ஃபெர்ஸ்டரும் 1957-இல் வெளியிட்ட புறா ஆராய்ச்சிகள் இதைத்தான் காட்டின. ஒவ்வொரு முறை கொத்தும்போதும் தானியம் விழுந்து பழகிய புறா, தானியம் நின்றால் கொஞ்ச நேரத்தில் கொத்துவதை விட்டுவிடும். எத்தனை கொத்துக்கு ஒரு முறை விழும் என்று தெரியாமல் பழகிய புறா லேசில் விடாது. புறாவுக்கு ஏன் போக வேண்டும்? தமிழ்நாட்டில் 2003-இல் தடை வரும் வரை லாட்டரிச் சீட்டு வாங்கிய பெரியப்பாக்கள், சித்தப்பாக்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். எப்போதோ விழுந்த ஒரு நூறு ரூபாய்தான் அவர்களை அடுத்த நூறு சீட்டு வாங்க வைத்தது. "பத்துத் தடவை கேட்டா ஒரு தடவைதான் வாங்கிக் குடுப்பேன், ரொம்பச் செல்லம் குடுக்க மாட்டேன்" என்று பெருமையாகச் சொல்லும் அம்மாக்கள் பிள்ளைக்குப் பழக்கிக்கொண்டிருப்பது அந்த லாட்டரியைத்தான். நானும் அப்படிப் பெருமைப்பட்டவள்தான்.

எனவே என் கணக்கு இது: கொடுப்பதாக இருந்தால் முதல் தடவை கேட்டவுடனே "சரி, எடுத்துக்கோ" என்று கொடுத்துவிட வேண்டும். அழுகை தொடங்கிவிட்டால் அன்றைக்குக் கிடையாது. அவன் முதலில் கேட்கும்போதே முடிவு செய்வது கஷ்டம், ஏனென்றால் அந்த நேரத்தில் நாம் உளுந்து விலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். "அப்புறம் பார்க்கலாம்" என்று வாய் சொல்லிவிடும். அந்த 'அப்புறம்' வரும்போது நாம் பில் வரிசையில் நிற்போம்.

கடைக்காரரையும் இதில் சும்மா விட முடியாது. நம்மால் நகர முடியாத ஒரே இடம் பில் வரிசை. அங்கே நான்கு வயதுப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு மிட்டாயை அடுக்கி வைப்பது தற்செயல் இல்லை. இங்கிலாந்தில் டெஸ்கோ நிறுவனம் 2014-இல் தன் கடைகளின் பில் கவுன்ட்டர்களிலிருந்து மிட்டாய், சாக்லேட்டை எடுத்துவிடுவதாக அறிவித்தது. கலிஃபோர்னியாவில் பெர்க்லி நகரம் 2020-இல் அதற்கென ஒரு சட்டமே போட்டது. 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தின் பெரிய கடைகள், சர்க்கரையும் கொழுப்பும் கூடுதலான தின்பண்டங்களைக் கவுன்ட்டர் அருகில் வைக்க முடியாது. எங்கள் கடையில் அவை அப்படியேதான் இருக்கின்றன. கடையே அப்படி அடுக்கி வைத்திருக்கும்போது பிள்ளையை மட்டும் அடங்காதவன் என்று சொல்வது கொஞ்சம் அநியாயம்.

மிரட்டல்

நம் ஊரில் மிரட்டலுக்குப் பஞ்சமே இல்லை. பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடும் டாக்டர், சாக்குப்பையில் பிள்ளை பிடிக்கிறவன். செலவு இல்லாத வழி, பார்ப்பவர்களும் ஒத்துழைப்பார்கள். பில் வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாத மாமா கூட, "அழுதேன்னா நான் புடிச்சுட்டுப் போயிடுவேன்" என்று முறைத்து உதவி செய்வார்.

இதில் இரண்டு ஓட்டை. முதலாவது, நடக்காத மிரட்டல் தேய்ந்துபோகும். நாலைந்து முறை போலீஸ் வரவில்லை என்றால் பிள்ளை அடுத்த முறை வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. என் மகன் ஒரு நாள், "எங்கம்மா போலீஸு?" என்று கேட்டுவிட்டு அழுகையைத் தொடர்ந்தான்.

இரண்டாவதுதான் பெரியது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று வைகைக் கரைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கை நழுவிவிட்டால் பிள்ளை யாரிடம் ஓட வேண்டும்? காக்கிச் சட்டை போட்டவரிடம்தான். அவர் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் சொல்வார், மைக்கில் பெயர் சொல்ல ஏற்பாடு செய்வார். வருஷம் முழுக்க யாரைக் காட்டிப் பயமுறுத்தினோமோ, அவரிடமே தைரியமாகப் போய் நில் என்று ஒரு நாள் மட்டும் எப்படிச் சொல்வது? டாக்டரும் அப்படித்தான். இந்த இரண்டு பேரையும் நான் மிரட்டல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

"நீ இங்கயே இரு, நான் போறேன்" என்று நடந்துவிடுவதும் மிரட்டல்தான். இது வேலை செய்கிறது, அதை மறுக்க மாட்டேன். பிள்ளை அலறிக்கொண்டு பின்னாலேயே ஓடி வரும். ஆனால் அது ஓடி வருவது அடத்தை விட்டதால் இல்லை, அம்மா போய்விட்டாளே என்ற பயத்தில். அன்று ராத்திரி அவன் என் முந்தானையைப் பிடித்தபடியே தூங்கினான். அதற்குப் பிறகு நான் அதைச் செய்யவில்லை.

அப்புறம், "வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு". இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஏழு மணிக்குச் செய்ததற்கு எட்டரை மணிக்குக் கிடைக்கும் தண்டனை புரியாது. பாதி நாள் நாமே மறந்துவிடுகிறோம்.

அடியும் கிள்ளும்

கல்யாண வீட்டுக் கிள்ளு என்று ஒன்று உண்டு. முகத்தில் சிரிப்பு மாறாது, எதிரில் இருக்கும் பெரியம்மாவிடம் பேச்சும் நிற்காது, முந்தானைக்குக் கீழே இரண்டு விரல் மட்டும் பிள்ளையின் தொடையைத் தேடிப் போகும். என் அம்மா அதில் நிபுணி. எனக்கும் வருகிறது. இந்தக் கிள்ளைக் கொஞ்சம் நின்று பார்த்தால், நாலு பேர் என்ற தரப்பு எவ்வளவு பெரியது என்று புரியும். அடிப்பதும் தெரியக் கூடாது, பிள்ளை அடங்காமல் இருப்பதும் தெரியக் கூடாது. அதனால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பிள்ளை இன்னும் உரக்க அழும், ஏன் அழுகிறது என்று எல்லாரும் கேட்பார்கள், "தூக்கம் வந்துடுச்சு" என்று நாம் சொல்வோம்.

"முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், புள்ளையை அடிச்சு வளர்க்கணும்" என்பார்கள். முருங்கையை ஒடிப்பது அது பக்கவாட்டில் கிளைத்து, கைக்கு எட்டும் உயரத்தில் காய்க்க வேண்டும் என்பதற்காக. தோட்டக்காரர் கோபத்தில் ஒடிப்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார் என்பதற்காகவும் ஒடிப்பதில்லை. பொது இடத்தில் நான் அடித்த ஒவ்வொரு முறையும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருந்தது.

அடி வேலை செய்கிறதா? அந்த நிமிடத்துக்குச் செய்கிறது, சில நேரம். அதனால்தான் அது விடாத பழக்கமாகிறது. சத்தம் நின்றதும் பரிசு கிடைப்பது அடித்த கைக்கு. ஸ்கின்னர் 1938-இல் எழுதிய ஒரு சோதனையில், நெம்புகோலை அழுத்திய எலியின் பாதத்தில் அடி விழும்படி செய்தார். எலி அழுத்துவது குறைந்தது. அடி நின்றதும் மறுபடி தொடங்கி, அடியே வாங்காத எலி அழுத்திய அளவுக்குக் கடைசியில் அதுவும் அழுத்திவிட்டது. பின்னால் 1960-களில் வந்த சோதனைகள், தண்டனை போதுமான அளவு கடுமையாக இருந்தால் நிலையாக நிறுத்தும் என்றும் காட்டின. அந்தக் 'கடுமை' மின் அதிர்ச்சி. பிள்ளையிடம் யாரும் போக விரும்பாத எல்லை அது.

மனிதப் பிள்ளைகளைப் பற்றி எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கெய்லரும் 2016-இல் 75 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் இருந்தவர்கள் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகளிடம் முரட்டுத்தனம், சொல் பேச்சுக் கேளாமை, மனநலச் சிக்கல் எல்லாம் கூடுதலாகவே இருந்தன. ஏற்கெனவே அடங்காத பிள்ளைதானே அதிகம் அடி வாங்கும், எது எதற்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அடியால் நன்மை விளைந்தது என்று காட்டும் பக்கம் அந்தத் தொகுப்பில் காலியாக இருக்கிறது.

சட்டம் இங்கே பாதி வழியில் நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. வீட்டில் பெற்றோர் அடிப்பதை முழுமையாகத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஸ்வீடன் 1979-லேயே அதைச் செய்துவிட்டது. நார்வே 1987-இல், ஜெர்மனி 2000-இல். அந்த நாடுகளில் குடியேறிய நம் குடும்பங்கள், ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு கிள்ளுக்கு அங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும். பள்ளியில் நான் ஆசிரியையாக ஒரு பிள்ளையைக் கிள்ளினால் என் வேலை போகும். அதே கிள்ளு சாயங்காலம் என் பிள்ளைக்கு என்றால் கண்டிப்பு என்று பெயர் மாறிவிடுகிறது.

கண்டுகொள்ளாமல் நிற்பதும் தூக்கிக்கொண்டு போவதும்

இவை இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒன்று தோற்கும் இடத்தில் மற்றது ஜெயிக்கிறது.

கண்டுகொள்ளாமல் இருப்பது வீட்டுக்குள் அருமையான வழி. ஆனால் ஒரு எச்சரிக்கை: இதுவரை கிடைத்தது கிடைக்காமல் போனால் அழுகை குறைவதற்கு முன்னால் ஒரு முறை பலமாக ஏறும். லிஃப்ட் வராவிட்டால் பொத்தானை நாம் ஐந்து முறை வேகமாக அழுத்துவது மாதிரி. "கண்டுக்காம இருந்தா இன்னும் அதிகமாகுதே" என்று பலர் கைவிடுவது அந்த உச்சியில்தான். உச்சியில் கைவிட்டால், உச்சிக்குப் போனால்தான் கிடைக்கும் என்று ஆகிவிடும்.

பொது இடத்தில் இதற்கு வேறு ஒரு பகை இருக்கிறது. நான் கண்டுகொள்ளாமல் நின்றாலும் ஊர் கண்டுகொள்ளும். வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும்போது ஒரு முறை பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டுப் பாட்டி ஒரு முறுக்கைக் கொடுத்தார், பக்கத்து சீட்டுக்காரர் போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தார். அவர்கள் மனசு நல்ல மனசு. என் திட்டம்தான் திண்டுக்கல் வருவதற்குள் முடிந்துபோனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பசி, தூக்கம், ஒன்றுக்குப் போக வேண்டும், கூட்டத்தின் சத்தம் தாங்கவில்லை, இவற்றால் வரும் அழுகை வேறு. அங்கே கண்டுகொள்ளாமல் இருப்பது கண்டிப்பு ஆகாது. சாப்பாட்டு நேரம் தாண்டிய பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போனது நம் தப்பு.

தூக்கிக்கொண்டு வெளியே போவது, நான் கடைக்கு என்று தேர்ந்தெடுத்த வழி. வண்டியை ஓரமாக நிறுத்தி, "கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று கடைப்பையனிடம் சொல்லிவிட்டு, திட்டாமல், விளக்கம் சொல்லாமல் வாசல் படிக்குப் போய் உட்கார்வது. 1960-களின் தொடக்கத்தில் ஆர்தர் ஸ்டாட்ஸ் என்ற உளவியலாளர் தன் மகளிடமே செய்து பார்த்துப் பேசிய 'டைம் அவுட்' அடிப்படையில் இதுதான். நம் பள்ளிகளில் அது மூலையில் நிற்க வைக்கும் தண்டனை என்று ஆகிவிட்டது. மூல யோசனையில் மூலையும் இல்லை, அவமானமும் இல்லை. சுவாரசியமான இடத்திலிருந்து கொஞ்ச நேரம் விலக்கி வைப்பது, அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம்? மைக்கேல் பொடேகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் 2003-இல் சின்னக் குழந்தைகளின் அடத்தை நிமிடம் நிமிடமாக அலசி வெளியிட்ட ஆய்வில், நான்கில் மூன்று அடம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்திருந்தது. கோபம் தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்கிவிடுகிறது, துக்கம்தான் கூடவே ஓடுகிறது. கோபம் ஏறியிருக்கும்போது நாம் சொல்லும் நியாயம் எதுவும் உள்ளே போகாது. படியில் உட்கார்ந்து போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தால், மூன்றாவது நிமிடமோ நான்காவது நிமிடமோ அவனே மடியில் வந்து சாய்கிறான். அப்போது அணைத்துக்கொண்டால் போதும், அது அடத்துக்குக் கொடுத்த பரிசு ஆகாது. அதே ஐந்து நிமிடம் பில் வரிசையில் ஒரு மணி நேரம் மாதிரி இருக்கும். வாசல் படியில் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடம்தான், ஏனென்றால் அங்கே எனக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடாதீர்கள். நான் போய் ஏமாந்தேன். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் மேடையில் போட்டோவுக்கு நிற்கும் வரிசை. முக்கால் மணி நேரமாக நகரவில்லை. அவன் கத்தினான், நான் வெளியே தூக்கிப் போனேன். மண்டபத்து வாசலில் பலூன்காரர், பந்தல் மணல், ஓடி விளையாடும் பிள்ளைகள். அடுத்த கல்யாணத்தில் வரிசையில் நின்ற ஐந்தாவது நிமிடமே ஆரம்பித்துவிட்டான். கடையில் அவனுக்கு உள்ளே இருக்க ஆசை, அங்கே வெளியேற்றம் தண்டனை. கல்யாண வரிசையில் அவனுக்கு வெளியே போக ஆசை, அங்கே அதே வெளியேற்றம் பரிசு. நான் செய்தது ஒன்றேதான்.

கிளம்புவதற்கு முன்னால்

ஆறாவது வழி இதுதான். கடை வாசலில், உள்ளே நுழையும் முன்னால், "இன்னைக்கு நீ ஒரு பொருள் எடுக்கலாம், இருபது ரூபாய்க்குள்ள. வண்டியைப் பிடிச்சுக்கிட்டே வரணும்" என்று சொல்லிவிடுவது. என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, "பச்சைப் புள்ளைக்கு லஞ்சமா?" என்றார். லஞ்சம் என்பது அழுகை தொடங்கிய பிறகு, "அழாம இரு, வாங்கித் தரேன்" என்று கொடுப்பது. முன்னாலேயே பேசிக்கொண்டு வேலை முடிந்த பின் கொடுத்தால் அது கூலி. அத்தைக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. கூலியும் அவருக்குப் பிடிக்கவில்லை, "பெத்த தாய்க்கிட்ட வண்டி புடிச்சு வர எதுக்குக் கூலி?" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஒரு மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று சொல்லிவைத்துக் கொடுத்த பிள்ளைகள், ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தாமாக வரைவது மற்றவர்களில் பாதியாகக் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. அதனால் என் மகன் ஆசையாகச் செய்கிற எதற்கும், தக்காளி பொறுக்கிப் போடுவது, பால் பாக்கெட்டைத் தூக்கி வருவது, நான் விலை வைப்பதில்லை. பில் வரிசையில் சும்மா நிற்பதற்கு மட்டும்தான் கூலி. அது பெரியவர்களுக்கே ஆசையான காரியம் இல்லை.

பாராட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மிடம் ஒரு வினோதம் இருக்கிறது. பிள்ளையைப் பத்துப் பேர் முன்னால் திட்டுவதற்கு நாம் கூச்சப்படுவதே இல்லை. பத்துப் பேர் முன்னால் பாராட்டத்தான் பயப்படுகிறோம். கண்ணு பட்டுவிடும், தலைக்கனம் ஏறிவிடும். யாராவது "பையன் சமர்த்தா நிக்கிறானே" என்றால் உடனே, "நீங்க வேற, வீட்டுல வந்து பாருங்க" என்று அவன் காதுபடவே மறுத்துவிடுகிறோம். அவன் சமர்த்தாக நின்ற அந்த நிமிடத்துக்கு அவனுக்குக் கிடைத்தது அவமானம். திருஷ்டி நம்பிக்கை இருக்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன், எனக்கே பாதி இருக்கிறது. நான் கண்டுபிடித்த சமரசம், குனிந்து காதில் சொல்வது. "வண்டியை விடாமப் புடிச்சுக்கிட்டே வந்தே, அம்மாவுக்கு லேசா இருந்துச்சு." கண் பட வழியில்லை, அவனுக்கும் அது ரகசியம் மாதிரி இருக்கிறது. "குட் பாய்" என்று பொதுவாகச் சொல்வதை விட, என்ன செய்தான் என்று சொல்வதற்குத்தான் அவன் காதைக் கொடுக்கிறான்.

எந்த இடத்துக்கு எது

கடைக்கு: வாசலில் பேச்சு, முதல் கேள்விக்கே முடிவு, மீறினால் வெளியே. அதற்காகப் பாதி நிரம்பிய வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்த நாட்களும் உண்டு. சாமான் வாங்காமல் திரும்பிய இரண்டு முறைதான் அவன் நம்பிய இரண்டு முறை.

பஸ், ரயிலில் வெளியே போக முடியாது, கண்டுகொள்ளாமல் இருக்க ஊர் விடாது. அங்கே கண்டிப்பைப் பற்றி யோசிப்பதே வீண். தின்பண்டம், புதிதாக ஒரு சின்னப் பொம்மை, ஜன்னல் சீட்டு, முடிந்தால் அவன் தூங்கும் நேரத்துக்கு டிக்கெட். மீனாட்சியம்மன் கோவில் தரிசன வரிசையும் அப்படியே. கூட்டம் உள்ள நாளில் நான்கு வயதுப் பிள்ளையோடு போகாமல் இருப்பது என்ற ஏழாவது வழியும் இருக்கிறது.

கல்யாணம்தான் கடினம். அங்கே பார்க்கிறவர்கள் முன்பின் தெரியாத நாலு பேர் இல்லை, நாளைக்கும் போனில் பேசப்போகிறவர்கள். என் விதிகள் அங்கே செல்லாது, அவனுடைய அப்பத்தாவின் விதிகள்தான் செல்லும். அவன் அழ ஆரம்பித்தால் அவர் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து மிட்டாய் வரும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. புறாவுக்கு ஸ்கின்னர் வைத்த ஏற்பாடு அச்சாக அதுதான். அத்தையிடம் லாட்டரிக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். "என் பேரனுக்கு நான் குடுக்காம யாரு குடுப்பா?" என்றார். சரி, அழுவதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதற்கு மட்டும் யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

போன ஞாயிறு மறுபடி அதே கடை. வாசலில் இருபது ரூபாய் ஒப்பந்தம். அவன் மிட்டாய் அலமாரி முன்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்து, "இது இருபதா? இது இருபதா?" என்று கேட்டு, வைத்து, மறுபடி எடுத்து, கால் மணி நேரம் ஆனது. வண்டியில் இருந்த உறைபட்டாணி பாக்கெட் வியர்த்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் நின்றவர் இரண்டு முறை உச்சுக்கொட்டினார். கடைசியில் பத்து ரூபாய் பிஸ்கெட் இரண்டு எடுத்து, "ஒண்ணு அப்பத்தாவுக்கு" என்றான். வெள்ளிக்கிழமை திருமங்கலத்தில் ஒரு கல்யாணம், முகூர்த்தம் ஏழரை முதல் ஒன்பது. பையில் ஒரு புது பொம்மைக் காரை அவனுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறேன்.